குழப்படிக்காரிக்கு ஒரு வளவு தேவை

றோசி என்ற பெட்டை நாய்க்கு வீடு தேடுகிறோம். மண் நிறம், நெஞ்சில் மட்டும் வெள்ளை. ஒரு காது நிமிர்ந்து நிற்கும், மற்றது பாதியில் மடிந்து விழும். பல்லைப் பார்த்த மிருக வைத்தியர் இரண்டு வயதுக்குள்தான் இருக்கும் என்றார். ஊசிகள் போட்டாயிற்று, கருத்தடைச் சத்திரசிகிச்சையும் முடிந்துவிட்டது. ஆளைக் கண்டால் அவளுக்கு வால் தனியாக ஆடாது, இடுப்போடு சேர்ந்து பின்பாதி முழுக்க ஆடும்.

இப்படி ஒரு நாய்க்கு வீடு கிடைப்பது சுகமான வேலை என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் ஒரு வளவில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சின்னக் காப்பகத்தில் நான் பார்த்தவரை, கூடுதல் காலம் தங்கிப்போகிறவை இந்த ரகம்தான். மூன்று காலில் நிற்கும் நாய்க்கு இரக்கப்பட்டு வீடு கொடுக்க யாராவது வருவார்கள். வயதுபோன நாயையும் 'கடைசிக் காலத்தில் ஒரு மூலையில் கிடக்கட்டும்' என்று கூட்டிப்போக ஆள் உண்டு. துடியாட்டமான நாயை எல்லோருக்கும் பிடிக்கும். பிடித்து எடுத்துப்போவார்கள், பிறகு அந்தத் துடியாட்டத்துக்காகவே திருப்பிக் கொண்டுவருவார்கள். றோசியும் அப்படிப் போய் வந்தவள்தான். ஆகவே அவளைப் பற்றி எழுதும்போதே, இந்த மாதிரி நாயை எடுக்க யோசிக்கிறவர்களுக்கும் என்னைப்போல வீடு தேடித் திரிகிறவர்களுக்கும் பயன்படும் சில விஷயங்களையும் எழுதிவிடுகிறேன்.

அவள் எங்களிடம் வந்தது மாரி தொடங்கிய பிறகு. எங்கள் கடற்கரை நாய்களின் வாழ்வும் தாழ்வும் சுற்றுலாக்காரரோடு சேர்ந்தே ஓடுகிறது. சித்திரை கழிந்ததும் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் விடுதிகள் நிறையத் தொடங்கும். மேசைக்குக் கீழே படுத்திருக்கும் நாய்க்குப் பொரித்த மீனும் பாணும் தாராளமாக விழும். ஐப்பசியில் வாடைக்காற்றும் மழையும் வந்துவிட்டால் கடல் குழம்பும், அறைகள் பூட்டப்படும், மேசைகள் உள்ளே போய்விடும். கோடை முழுக்க மனிதர் கையை நம்பி வளர்ந்த குட்டிகள் பட்டினி என்றால் என்னவென்று அப்போதுதான் பார்க்கின்றன. றோசியும் அப்படி ஒரு குட்டியாக இருந்திருக்கலாம் என்பது எங்கள் ஊகம். கரைவலைத் தோணி ஒன்றின் மறைவில் சுருண்டு கிடந்தவளைப் பற்றி ஒரு மீனவர்தான் வந்து சொன்னார். போய்ப் பார்த்தால் காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி, ஈறு வெளிறிப் போயிருந்தது.

நாய் வளர்க்கிற எல்லோரும் ஈறு பார்க்கப் பழகவேண்டும். உதட்டைத் தூக்கினால் ஈறு இளஞ்சிவப்பாக இருக்கவேண்டும். விரலால் அழுத்தினால் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்பவேண்டும். வெளிறிய ஈறு, சாப்பாட்டில் வெறுப்பு, காய்ச்சல், பிளேன்ரீ என்கிற பால் விடாத தேநீர் நிறத்தில் சிறுநீர் என்று கண்டால் உண்ணிக் காய்ச்சலை நினைக்கவேண்டும். எங்கள் பகுதியில் பபேசியா, எர்லிக்கியா என்று இரண்டு கிருமிகள் உண்ணியால் பரவுகின்றன. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு, ஆகவே இரத்தம் சோதிக்காமல் பார்மசியில் மாத்திரை வாங்கிக் கொடுப்பது வீண். மண்ணெண்ணெய், கழித்த எஞ்சின் ஒயில் பூசுகிற வழக்கம் இன்னும் போகவில்லை. அது தோலை வேக வைக்கும், நாய் நக்கினால் உள்ளேயும் போகும். நாயில் காண்கிற உண்ணி மொத்தத்தில் ஒரு சிறு பங்குதான், மிச்சம் சுவர் வெடிப்பிலும் படுக்கிற இடத்திலும் முட்டையும் குஞ்சுமாக இருக்கும். ஆகவே நாய்க்கு மருந்து கொடுக்கிற அதே வேளையில் இடத்தையும் துப்புரவாக்க வேண்டும்.

காய்ச்சலோடு கிடந்த நாட்களில் றோசி மிக அமைதியான நாய். வந்து பார்த்தவர்கள் "நல்ல சாது, இதைத் தாங்கோ" என்று கேட்டார்கள். சிகிச்சை முடியட்டும் என்று மறுத்துவிட்டோம், அது நல்லதாகப் போயிற்று. இரத்தம் ஊறி உடம்பு தேறியதும் சாது காணாமல் போய், குழப்படிக்காரி வந்து சேர்ந்தாள். கொடியில் காயும் உடுப்பை எட்டி இழுத்தாள். தண்ணீர் பைப்பைக் கவ்விக்கொண்டு வளவைச் சுற்றி ஓடினாள். காஸ் சிலிண்டர் கொண்டுவருகிற தம்பியின் செருப்பில் ஒன்று இன்றுவரைக்கும் கிடைக்கவில்லை. காப்பகத்தில் நாய் பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது: மூலையில் பேசாமல் இருக்கும் நாயைக் கண்டு உடனே மயங்க வேண்டாம். அது பயமாக இருக்கலாம், நோயாக இருக்கலாம், வந்து சில நாளே ஆகியிருக்கலாம். எவ்வளவு காலமாக இங்கே இருக்கிறது, வந்தபோது எப்படி இருந்தது, இப்போது எப்படி என்று சாப்பாடு வைக்கிற ஆளிடம் கேளுங்கள். பொறுப்பாளரைவிட அவருக்குத்தான் கூடுதலாகத் தெரியும்.

வீடு கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். முதலாவது, "பெட்டையோ அக்கா? அப்ப வேண்டாம்." இதில் நியாயம் இல்லை என்று சொல்லமுடியாது. நாயின் கர்ப்பகாலம் இரண்டு மாதம்தான், ஒரு ஈற்றில் ஆறேழு குட்டி சாதாரணம். ஆண் குட்டிகளுக்கு ஆள் வரும். பெட்டைக் குட்டிகள் பெட்டிக்குள் வைக்கப்பட்டுக் கோயில் வாசலுக்கோ மீன்சந்தைக்கோ போகும். எங்களிடம் வருகிற குட்டிப் பெட்டிகளைத் திறக்கும்போது உள்ளே கிடப்பவை பெரும்பாலும் பெட்டைதான். 2006 இலிருந்து இலங்கையில் கட்டாக்காலி நாய்களைப் பிடித்துக் கொல்வதில்லை என்பது அரச கொள்கை. நல்ல கொள்கை. ஆனால் தொகையைக் குறைக்க அதற்குப் பிறகு எஞ்சியிருப்பது கருத்தடை ஒன்றுதான்.

கருத்தடை செய்த பெட்டை நாயை வைத்திருந்தவர்கள் மறுபடி ஆண் நாய் கேட்டு வருவது குறைவு. அது எல்லை தேடி ஊர் சுற்றாது, அதன் பின்னால் படலையடியில் ஆண் நாய்க் கூட்டமும் சேராது. கர்ப்பப்பையில் சீழ் கட்டும் நோய் வராது. காலத்தோடு செய்தால் முலைக்கட்டி வருகிற வாய்ப்பும் குறைகிறது. இதையெல்லாம் சொன்னால் சிலர் மறுபக்கம் திரும்பி, "ஒருக்கா எண்டாலும் குட்டி போடாட்டிப் பாவமெல்லோ?" என்கிறார்கள். குட்டி போடாததால் நாய்க்கு ஒரு குறையும் இல்லை. நான் வாதாடப் போவதில்லை, பெட்டிக் குட்டிகளைக் காட்டுவேன்.

இரண்டாவது கேள்வி, "கள்ளன் வந்தாக் குரைக்குமோ?" குரைக்கும். குரைத்துவிட்டு வாலாட்டிக்கொண்டு அவனை உள்ளே கூட்டிவரும். றோசியிடம் காவலை எதிர்பார்த்து வருகிறவர்களிடம் இதை மறைக்காமல் சொல்லிவிடுவேன். யுத்த காலத்தில் இரவில் நாய் குரைத்தால் விளக்கை அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்த தலைமுறை எங்களுடையது, நாய் என்றாலே காவல் என்ற நினைப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியும். மூதூர்ப் பக்கம் 2006 இல் ஒரே இரவில் வெளிக்கிட்ட சனம், அவிழ்த்துவிட்டுப் போன நாய்களைப் பற்றி இன்றைக்கும் கதைக்கும்போது குரல் தடுமாறுகிறது. அதனால் காவலுக்கு நாய் கேட்கிறவர்களை நான் ஏளனம் செய்வதில்லை. ஆனால் பகலெல்லாம் சங்கிலியில் கட்டி, இரவில் அவிழ்த்துவிடுகிற பழக்கத்துக்கு இந்த நாயைக் கொடுக்க மாட்டேன். கட்டிக்கிடக்கும் நாய்க்குச் சக்தி குறைவதில்லை, சேர்ந்துகொண்டே போகும். இரவில் அவிழ்த்த உடனே அது முழுவதும் தெருவில் இறங்கும். நட்பான நாயாக இருந்தால் மோட்டார் சைக்கிளுக்குக் குறுக்கே போய் விழும்.

மூன்றாவது, "அமைதியா இருக்குமோ?" என்பது. இதற்கு நேரான பதில் இல்லை, நாளைப் பொறுத்தது. றோசியைத் திருப்பித் தந்த குடும்பத்தை நான் குறை சொல்லமாட்டேன். நல்ல சனம். நகரத்துக்குள் மேல்மாடி வீடு, கணவன் மனைவி இருவருக்கும் வேலை, சின்னப் பிள்ளை ஒன்று. காலை எட்டு மணிக்குப் பூட்டிவிட்டுப் போனால் பின்னேரம் ஐந்து தாண்டித்தான் கதவு திறக்கும். அந்த ஒன்பது மணித்தியாலத்தில் றோசி கதவு நிலையைப் பல்லால் செதுக்கினாள், தலையணையைப் பிரித்தாள். பின்னேரம் கதவு திறந்ததும் சந்தோஷத்தில் பாய்ந்து பிள்ளையை விழுத்தினாள். பிள்ளை நாய்க்குப் பயப்படத் தொடங்கியதும் அவர்கள் முடிவெடுத்துவிட்டார்கள். திருப்பிக் கொண்டுவந்த அன்றைக்கு அவளுடைய தட்டைக் கழுவித் துடைத்து, மிச்ச உணவையும் பையில் போட்டுக் கொண்டுவந்தார்கள். அந்த அம்மா அழுதார். நாய் கெட்டதில்லை, வீடும் கெட்டதில்லை. அவர்களுடைய நாளில் அவளுக்கு இடம் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வீடு கேட்டு வருகிறவர்களிடம் வளவு எத்தனை பரப்பு என்று நான் முதலில் கேட்பதில்லை. பகல் பதினொரு மணிக்கு வீட்டில் யார் இருப்பார்கள் என்று கேட்கிறேன். பெரிய வளவு இருந்தால் நாய் தானாக ஓடி விளையாடும் என்று பலர் நம்புகிறார்கள். தனியே விட்டால் பெரிய வளவிலும் நாய் படலையடியில்தான் படுத்திருக்கும், அல்லது வேலிக்குக் கீழே தோண்டும். ஆள் கூட இருந்தால் சின்ன முற்றமே காணும்.

துடியாட்டமான நாயைக் களைக்கப்பண்ணுவது எப்படி என்று கேட்டால், ஓடவிடு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஓட்டம் வேண்டும்தான், ஆனால் ஓட ஓட நாயின் மூச்சும் உடம்பும் கூடுதலாக ஓடப் பழகிக்கொள்ளும். மூக்குக்கு வேலை கொடுப்பதில்தான் களைப்பு வருகிறது. நடக்கும்போது அவளை இழுத்துக்கொண்டு போகாமல், மணக்கிற இடத்தில் நின்று மணக்கவிடுவேன். ஒவ்வொரு மின்கம்பமும் அவளுக்கு அன்றைய பத்திரிகை. அரை மணித்தியாலம் அப்படி நடந்து வந்தால் மத்தியானம்வரை படுப்பாள். வீட்டில் சாப்பாட்டைத் தட்டில் ஒரேயடியாக வைக்காமல் கொஞ்சத்தைச் சிரட்டைகளுக்குக் கீழே ஒளித்துவைப்போம், பழைய சாக்கில் சுருட்டிவைப்போம். தேடித் தின்னும். தும்பு விழுங்கக்கூடிய மட்டையையும், வேகவைத்த கோழி எலும்பையும் விளையாடக் கொடுக்கக்கூடாது. வெந்த எலும்பு கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கும்.

பாய்கிற பழக்கத்தை மாற்றியது எங்களுக்குப் பொறுமையான வேலை. அவள் பாயும்போது முழங்காலால் தள்ளுவதும் "ஏய்!" என்று கத்துவதும் அவளுக்கு விளையாட்டுத்தான். பாய்ந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு மரம்போல நின்றுவிடுவோம். நாலு காலும் நிலத்தில் பட்டதும் ஒரு துண்டு கருவாடோ முட்டையோ கொடுத்துத் தடவிக் கொடுப்போம். கருவாடு என்றால் ஊறவைத்து உப்பு நீக்கியது, நகத்தளவு. ஐந்து நிமிடத்துக்கு மேல் எந்தப் பாடமும் வேண்டாம், சலித்துவிடும். கடினமான பகுதி நாய் இல்லை, விருந்தாளிகள். நாங்கள் திருப்பிக்கொண்டு நிற்க, வந்தவர் "ஐயோ பரவாயில்லை, எனக்கு நாய் எண்டாச் சரியான விருப்பம்" என்று இரண்டு கையையும் விரித்தால் பாடம் எல்லாம் கரைந்துவிடும். இப்போது படலையில் ஒரு மட்டையில் எழுதி மாட்டியிருக்கிறோம்: நாலு காலும் நிலத்தில் படும்வரை றோசியைத் தடவவேண்டாம். வாசித்துவிட்டுத் தடவுகிறவர்களும் இருக்கிறார்கள்.

திருகோணமலையில் நாயை நடக்கக் கூட்டிப்போவதற்கென்றே சில கவனங்கள் உண்டு. வெக்கையைக் கொண்டுவரும் கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலை ஆறரைக்கு முன்னால், பின்னேரம் ஐந்தரைக்குப் பின்னால் என்று வைத்துக்கொள்வது நல்லது. தார் வீதியில் புறங்கையை வைத்துப் பாருங்கள், சில விநாடி வைத்திருக்க முடியாவிட்டால் அவளுடைய பாதத்துக்கும் அது கூடாது. நாய்க்கு மேலெல்லாம் வியர்ப்பதில்லை, நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். சாதாரணமாக அதன் உடம்புச் சூடு 38 பாகையிலிருந்து 39 பாகையைச் சற்றுத் தாண்டும்வரை இருக்கும். இளைப்பு நிற்காமல், வாய்நீர் கட்டியாகி, தள்ளாடினால் நிழலுக்குக் கொண்டுபோய் வயிறும் கால்களும் நனையத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வைத்தியரிடம் போகவேண்டும். துடியாட்டமான நாய் தானாக நிற்காது. பந்தை எறிகிற மனிதர்தான் நிறுத்தவேண்டும்.

கடற்கரை நல்ல இடம், ஆனால் கரைவலை இழுத்த பிறகு மணலில் கிடப்பதைப் பார்த்துப் போங்கள். வேண்டாத மீன்களை அங்கேயே எறிந்துவிடுவார்கள், அதில் பேத்தை மீன் கிடக்கும். ஊதிப்போன அந்த மீனில் உள்ள நஞ்சு நாயின் தசைகளைச் செயலிழக்க வைத்து மூச்சை நிறுத்தக்கூடியது, மாற்று மருந்து கிடையாது. வாயில் எதைக் கவ்வினாலும் விடப் பழக்கியபிறகுதான் றோசியை அந்தப் பக்கம் கூட்டிப்போனோம். இன்றைக்கும் கயிறு கையில்தான். கடல் தண்ணீரைக் குடித்தால் சத்தியும் வயிற்றாலடியும் வரும், ஆகவே போத்தலில் நல்ல தண்ணீர் கொண்டுபோக வேண்டும்.

நகரத்துக்குள் மான்கள். பிரட்ரிக் கோட்டைக்குள்ளும் கோணேசர் கோயில் வழியிலும் திரிகிற புள்ளிமான்கள் வெளியே கடற்கரைக்கும் வீதிக்கும் சாதாரணமாக வந்துபோகின்றன. மனிதருக்குப் பழகிய மான், நாயைக் கண்டால் மிரண்டு வாகனத்துக்கு முன்னால் பாயும். றோசிக்கு மானைக் கடிக்கும் எண்ணம் இல்லை, கூடச் சேர்ந்து ஓடவேண்டும் என்ற எண்ணம்தான். மானுக்கு அது தெரியாது. அந்தப் பக்கம் வீடு உள்ள ஒருவர் அவளைக் கேட்டு வந்தார். மதில் இல்லை, ஆகவே சரிவரவில்லை.

அயலவர் விஷயம் எங்கள் ஊரில் தனியாகப் பேசவேண்டியது. பக்கத்து வீடு முஸ்லிம் குடும்பமாக இருந்தால், நாயின் எச்சில் பட்ட உடுப்பையோ பாத்திரத்தையோ ஏழு தரம், அதில் ஒருதரம் மண் கலந்த தண்ணீரால் கழுவவேண்டும் என்பது அவர்களுடைய முறை. தொழுகைக்கு வெளிக்கிட்டுப் போகிறவர் மேல் றோசி பாய்ந்து நக்கினால் அவருடைய அன்றைய பொழுது எப்படிப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். நாயை வெறுக்கிறார்கள் என்று முகத்தைச் சுளிக்காமல், எடுக்க முன்னமே போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வேலியைச் சரிசெய்யுங்கள், பாங்கு நேரங்களில் நாயை உள்ளே எடுங்கள். நான் பார்த்த வீடுகளில் இப்படிச் சொல்லி வைத்த இடங்களில் சண்டை வந்ததில்லை. எங்கள் சனமும் பெரிய திறம் இல்லை. வைரவருக்கு வடைமாலை சாத்திவிட்டு வருகிற கை, வழியில் வைரவரின் வாகனத்துக்குக் கல் எறியும்.

விசர்நாய்க்கடித் தடுப்பூசி பற்றிச் சுருக்கமாக. வருடத்துக்கு ஒருமுறை போடவேண்டும், சுகாதாரப் பகுதியினர் இலவசமாகப் போடும் முகாம்களும் நடக்கின்றன. அட்டையைப் பிறப்புச் சான்றிதழ் வைக்கிற இடத்தில் வையுங்கள். விளையாட்டில் பல் பட்டாலும், நகம் கீறினாலும், சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரச வைத்தியசாலைக்குப் போகவேண்டும். அங்கே அட்டையைக் கேட்பார்கள், நாயைப் பதினான்கு நாள் கவனிக்கச் சொல்வார்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் பூசி வீட்டில் இருக்கக்கூடாது. நோய் வெளிப்பட்டுவிட்டால் காப்பாற்ற முடியாது.

வீட்டுக்கு எடுத்த நாய் பழகுவதற்கு மூன்று நாள், மூன்று கிழமை, மூன்று மாதம் என்று ஒரு கணக்கு நாய் வளர்ப்பவர்களிடையே உண்டு. முதல் மூன்று நாள் திகைப்பு, மூன்று கிழமையில் வீட்டின் நேரங்கள் பிடிபடும், மூன்று மாதத்தில் இது என் வீடு என்று இருக்கும். அளவுகோல் இல்லை, ஆனால் 'ஒரு கிழமையாகிவிட்டது, இன்னும் பழகவில்லை' என்று போன் எடுப்பவர்களுக்குச் சொல்ல உதவும். நாய் தொலைகிற வாய்ப்பும் முதல் நாட்களில்தான் கூடுதல். படலையைத் திறந்து விருந்தாளி உள்ளே வரும் அந்த அரை நிமிடம் போதும். வருஷப் பிறப்புக்கோ தீபாவளிக்கோ கோயில் திருவிழாவுக்கோ வெடி கொளுத்துகிற கிழமையில் புதிதாக நாய் எடுக்கவேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். வெடிக்குப் பயந்து ஓடும் நாய் வீட்டை நோக்கி ஓடும், அது எது வீடு என்று அதற்கு இன்னும் தெரியாதபோது எங்கே ஓடும்? கட்டாயம் எடுக்கவேண்டி வந்தால் சன்னல் குறைந்த அறையில், காற்றாடியும் வானொலியும் போட்டு, ஆள் ஒருவர் கூட இருக்கவேண்டும்.

வீடு பார்க்கப் போகும்போது நான் கவனிப்பவை சாதாரணமானவை. படலைக்குக் கீழே இடைவெளி, கிணற்றுக் கட்டின் உயரம், கோழி வளர்க்கிறார்களா, நிலாவெளி வீதி மாதிரி பஸ் ஓடும் வீதியில் நேரே படலை திறக்கிறதா. வாடகை வீடென்றால் வீட்டுக்காரரின் சம்மதத்தை அவர் வாயாலேயே கேட்டுவிடுவேன். இடமாற்றத்தில் வந்து போகிற உத்தியோகத்தர்கள் நிறைந்த ஊர் இது, மாற்றலாகிப் போகும்போது நாய் என்ன ஆகும் என்று முதலிலேயே கேட்பதில் வெட்கம் இல்லை. முன்பு அந்த வீட்டில் குட்டி ஏதும் இரத்தமாக வயிற்றாலடி போய்ச் செத்ததா என்றும் கேட்பேன். அதைக் கொண்டுவரும் பார்வோ கிருமி மண்ணில் பல மாதம் உயிரோடு கிடக்கும். ஊசி போட்ட பெரிய நாய்க்குப் பயம் குறைவு, ஊசி முடியாத குட்டியை அந்த வீட்டுக்கு அனுப்பமுடியாது.

சீசனில் வருகிற வெளிநாட்டார் சிலர் றோசியைப் பார்த்துவிட்டுத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோகக் கேட்டார்கள். ஐரோப்பா என்றால் மைக்ரோசிப் வைத்து, அதன்பின் தடுப்பூசி போட்டு, முப்பது நாளுக்குப் பிறகு இரத்தம் எடுத்துச் சோதித்து, அதிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். விமானச் செலவு வேறு. விடுமுறை முடிந்து போனபிறகும் அந்த ஆர்வம் நிலைத்திருந்த ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை. அதே காசில் இங்கே பல நாய்களுக்குக் கருத்தடை செய்யலாம் என்று சொன்னதும் ஒருவர் அதற்கு உதவினார். அது நல்ல முடிவு.

வீடு தேடி அறிவித்தல் எழுதுகிறவர்களுக்கு ஒரு யோசனை. 'மிகவும் பாசமானது, உடனே வீடு தேவை, இல்லாவிட்டால் தெருவில் விடுவோம்' என்று எழுதினால் அழைப்பு நிறைய வரும், இரக்கத்தில் எடுப்பார்கள், இரக்கம் தீர்ந்ததும் போன் வரும். நான் றோசிக்கு எழுதுவது இப்படி: "ஓடுவாள், பாய்வாள், செருப்பைத் தூக்குவாள். பகலில் ஆள் இருக்கும் வீடு வேண்டும். காவலுக்கு உதவமாட்டாள். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தால் நல்லது." அழைப்பு குறைவு. ஆனால் அழைப்பவர் படித்துவிட்டு அழைக்கிறார். படம் எடுக்கும்போது குனிந்து நாயின் கண் மட்டத்தில், காலை வெளிச்சத்தில் எடுங்கள். கூட்டுக் கம்பிக்குப் பின்னால் எடுத்த படத்தைப் போடவேண்டாம். ஓடுகிற நாய் என்றால் ஓடுகிற காணொளி ஒன்றும் போடுங்கள், நேரில் வந்து திடுக்கிடாமல் இருப்பார்கள்.

இப்போது சாம்பல்தீவுப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்து போகிறது. தோட்டம் செய்கிறார்கள், தகப்பனும் பாட்டியும் பகலெல்லாம் வளவில், இரண்டு பெரிய பிள்ளைகள். அவர்களிடம் முன்பு ஒரு நாய் பதினான்கு வயதுவரை இருந்து செத்தது, அதன் அட்டைகளைக் கொண்டுவந்து காட்டினார்கள். சனிக்கிழமைகளில் வந்து றோசியை நடத்துகிறார்கள். மூத்த பெண்பிள்ளை அவள் பாயும்போது சொல்லிக்கொடுக்காமலே திரும்பி நிற்கிறாள். பாட்டிக்குத்தான் யோசனை, கத்தரிக் கன்றுகளைக் கிளறிப்போடுவாளே என்று. கிளறுவாள் என்றேன், தோட்டத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு தட்டி அடித்தால் போதும் என்றும் சொன்னேன். எடுத்தால் முதல் மாதம் பரீட்சார்த்தம்தான், சரிவராவிட்டால் எங்களிடமே கொண்டுவரவேண்டும், வேறு யாருக்கும் கைமாற்றக்கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்குவோம்.

தட்டிக்குக் கம்பு வெட்டியாயிற்று, கம்பிவலை இன்னும் வாங்கவில்லையாம். அது முடியும்வரை றோசி எங்களோடுதான். இடையில் வேறு யாரும் கேட்டு வந்தால் இல்லை என்று சொல்லமாட்டோம், காலை ஆறு மணிக்கு வந்து ஒருதரம் நடத்திப் பார்க்கட்டும். பழைய செருப்போடு வந்தால் நல்லது.